பனிமூட்டத்துல அடைஞ்சு கெடந்த நாளும் பாதியில நின்ன போர்வைகளும்

கார்த்திகை மாசத்துல தொடர்ந்து பதினோரு நாள் எங்க வீட்டு வாசப்படியில நின்னு பாத்தா ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற சில்வர் ஓக் மரம் தெரியல. மரம் நிக்கிறது இருபது அடி தூரத்துல தான். ஏற்காடு பனிமூட்டம்னா கீழ சேலத்துல இருந்து கார் எடுத்துக்கிட்டு இருபது ஊசி வளைவும் ஏறி வந்து, ஒண்டிக்கடை கிட்ட சூடா பஜ்ஜி சாப்ட்டு, ஏரிக்கரையில நாலு போட்டோ எடுத்துட்டு சாயந்தரமா எறங்கிப் போறவங்களுக்கு அது அவ்ளோ அழகு, நானும் கல்யாணத்துக்கு முன்னாடி சேலம் அம்மாப்பேட்டையில இருந்து அப்படித்தான் வந்து பாத்துட்டு போயிருக்கேன், ஆனா இங்கயே குடியிருக்கிறவங்களுக்கு அது வேற. துணி காயாது. உப்பு ஜாடியில தண்ணி விட்டு நிக்கும். தீக்குச்சிய உரசுனா மருந்து மட்டும் பிச்சுக்கிட்டு வரும். அப்பளம் நமுத்துப் போகும். மத்தியானம் ரெண்டு மணிக்கு லைட்டு போட்டுத்தான் அரிசியில கல்லு பொறுக்கணும், அந்த லைட்டும் அடிக்கடி போயிரும்.

அதெல்லாம் கூட சமாளிச்சுக்கலாம். மனசு தான் கஷ்டம். எங்க வீட்டுக்காரர் காபி எஸ்டேட்ல கணக்கு பாக்கிறார், நவம்பர் டிசம்பர்னா பழம் பறிக்கிற நேரம், காலையில ஆறரைக்கு போனா இருட்டுனதுக்கு அப்புறம் தான் வருவார், வந்தாலும் களத்துல கொட்டி வெச்ச காபி காயலையே, தார்ப்பாய மூடி மூடி எடுக்கிறோம், பூசணம் புடிச்சா வெல போயிருமேங்கிற பேச்சு தான். பொண்ணு கோயமுத்தூர்ல ஹாஸ்டல். வீட்ல நானும் எங்க அத்தையும். அத்தைக்கு குளுர் வந்தா முட்டி புடிச்சுக்கும், வாசல தாண்ட முடியாது. ரெண்டு ரூம், ஒரு சமையக்கட்டு, அதுக்குள்ள ரெண்டு பொம்பளைங்க, நாள் முழுக்க. மூணாவது நாளே பேச்சு கொறஞ்சு போச்சு. அஞ்சாவது நாள், டம்ளர் எங்க வெச்சன்னு அவங்க கேட்டதுக்கு நான் வெடுக்குன்னு பதில் சொன்னேன், அவங்க ஒண்ணும் சொல்லல, சுவத்துப் பக்கம் திரும்பி படுத்துட்டாங்க. நானும் மத்தியானத்துல போய் படுக்க ஆரம்பிச்சேன். முழிச்சா நாலு மணி, வெளிய அதே வெள்ளை, இது காலையா சாயந்தரமான்னே புரியாது. எதுக்கு எந்திரிக்கணும்னு தோணும். அத எழுதும்போது இப்பவும் நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு.

பொண்ணு கிட்ட போன்ல சொன்னேன், "பாப்பா, எனக்கு எதுலயுமே பிடிப்பு இல்லடி." அவ தான் சொன்னா, "அம்மா இதுக்கு கேபின் ஃபீவர்னு பேரு, பனி கொட்டுற நாட்டுல எல்லாம் மாசக்கணக்குல வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கிறவங்களுக்கு வர்றது, காய்ச்சல் இல்ல, அடைஞ்சு கெடக்கிற எரிச்சல்." அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. வெளிச்சம் கொறையிற பருவத்துல மனுசங்களுக்கு வர்ற மனச்சோர்வ ஒரு தனி நோயாவே 1984-ல நார்மன் ரோசென்தால்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் அமெரிக்காவுல எழுதியிருக்காங்களாம், அங்க குளிர்காலத்துல பகலே ரொம்ப சின்னதாகிரும்ங்கிறதால 10,000 லக்ஸ் வெளிச்சம் தர்ற விளக்கு முன்னாடி காலையில அர மணி நேரம் உக்கார வெப்பாங்களாம். நான் அத பத்தி ரொம்ப நேரம் யோசிச்சேன். நம்ம ஊர்ல பகல் அப்படி ஒண்ணும் சுருங்கிப் போறதில்ல, மார்கழியில கூட பதினொன்றரை மணி நேரம் கிட்ட பகல் இருக்கு, சூரியன் வந்துட்டு தான் போகுது, நடுவுல மூடுபனி தான் நிக்குது, அந்த மூடுபனிய தாண்டி வர்ற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் எங்க வீட்டு பீரோ மறைச்சுக்கிட்டு நிக்குதுன்னு எனக்கு அப்ப தெரியாது.

பீரோ விஷயம் பன்னெண்டாவது நாள் தான் வெளிய வந்துச்சு. காயாத துணி வாடையா இல்ல வேற எதாவதான்னு தேடிக்கிட்டு பீரோவுக்கு பின்னாடி டார்ச் அடிச்சு பாத்தா, சுவரு முழுக்க கருப்பு கருப்பா பூசணம். அந்த சுவரு 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ஊறுனது, அப்ப மலைப்பாதையில அங்கங்க மண்ணு சரிஞ்சு கீழ போக முடியாம போச்சே, அந்த மழையில தான். அப்ப இருந்தே ஓதம் காத்துக்கிட்டு இருக்கு, சுண்ணாம்பு அடிச்சும் போகல. அதுல ஒட்டுனாப்ல இரும்பு பீரோவ வெச்சிருக்கோம். வெளிச்சுவரு குளுந்து கெடக்கும், வீட்டுக்குள்ள சமையல் ஆவி, மூச்சுக்காத்து, காயாத துணியோட ஈரம் எல்லாம் போய் அந்த குளுந்த சுவத்துல தண்ணியா படியும், பின்னாடி காத்து போறதுக்கு ஒரு விரக்கடை கூட எடம் இல்ல, அப்ப பூசணம் வராம என்ன பண்ணும். பீரோவுக்குள்ள அடி தட்டுல இருந்த ரெண்டு பட்டு சேலை ஓரத்துலயும் புள்ளி விழ ஆரம்பிச்சிருந்துச்சு. அத பாத்ததும் எனக்கு வந்த கோவத்துல தான் எல்லாமே ஆரம்பிச்சது, இன்னைக்கு இந்த வீட்ட பொரட்டிப் போடாம தூங்கக்கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

ஆனா ஒடனே இழுக்கல. இதுல ஒரு தடவ அனுபவப்பட்டிருக்கேன், கட்டில இழுத்துட்டு போய் பாதி ரூம்ல நின்னு, அங்க புடிக்காதுன்னு திரும்ப இழுத்து, தரையெல்லாம் கீறி. இந்த தடவ பாப்பாவோட பழைய கட்டம் போட்ட கணக்கு நோட்டு எடுத்தேன். ஒரு கட்டம் அர அடின்னு வெச்சு ரெண்டு ரூமையும் வரைஞ்சேன், கதவு எந்தப்பக்கம் தொறக்குது, ஜன்னல் எத்தன அடி, ப்ளக் பாயிண்ட் எங்க, எல்லாம். அப்புறம் கட்டில், பீரோ, தையல் மெஷின், அத்தையோட சாய்வு நாற்காலி, டிவி ஸ்டேண்டு ஒவ்வொண்ணையும் அதே அளவுல தனித்தனியா வெட்டி, பேப்பர் மேல நகத்தி நகத்தி பாத்தேன். படுத்திருந்த அத்தை எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்தாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கண்ணு, அந்த தெக்கு ஜன்னல எதுக்கு பீரோ வெச்சு அடைச்ச? இந்த மாசத்துல வெயிலு தெக்கால சாஞ்சு தானே போகும்" அப்படின்னாங்க.

அதே தான். இந்த வீட்டுக்கு வந்து ஒம்போது வருஷமாச்சு, நான் கவனிச்சதே இல்ல. மார்கழி முதல் வாரத்துல, இங்கிலீஷ் தேதிக்கு டிசம்பர் 21, 22 வாக்குல, சூரியன் ரொம்ப தெக்க போய் நிக்கும், நம்ம மலை இருக்கிற எடத்துக்கு உச்சி நேரத்துல கூட தலைக்கு மேல வராது, முப்பத்தஞ்சு டிகிரி தெக்க சாஞ்சு தான் இருக்கும். அதனால குளிர்காலத்துல ஒரு வீட்டுக்குள்ள வெயில் நல்லா நீளமா வந்து விழறது தெக்கு ஜன்னல்ல தான். பனிமூட்டம் வெலகுற ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துல கெடைக்கிற அந்த வெயில நாங்க பீரோ முதுகுக்கு குடுத்துக்கிட்டு இருந்திருக்கோம். பாதி ஜன்னல அது மறைச்சிருந்துச்சு, மீதி பாதியில கொடி கட்டி துணி காயப்போட்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு தம்பி ஒருத்தன கூப்புட்டுக்கிட்டேன், காலேஜ் லீவுல இருந்தான். பீரோவ காலி பண்ணி, ஒரு பக்கமா லேசா தூக்கி, கால் ரெண்டுக்கும் அடியில நாலா மடிச்ச கோணிச்சாக்க சொருகுனோம், மறுபக்கமும் அதே மாதிரி. அப்புறம் சாக்க புடிச்சு இழுத்தா தரை கீறாம வழுக்கிக்கிட்டு வருது, மேல தள்ளுனா சாய்ஞ்சிரும், கீழ இருந்து தான் இழுக்கணும், காலி பண்ணாம யாரும் இத செஞ்சிராதீங்க. பீரோ உள்சுவத்துக்கு போச்சு, அங்கயும் நாலு விரக்கடை எடம் விட்டு வெச்சோம். பூசண சுவத்த மொகத்துல துணி கட்டிக்கிட்டு ஈரத்துணியால தொடைச்சேன், காஞ்சத தேச்சா தூளு பறந்து நெஞ்சுக்குள்ள போயிரும். கட்டில வெளிச்சுவத்துல இருந்து எடுத்து நடு சுவத்துக்கு கொண்டு வந்தேன், ராத்திரி முதுகுல அடிச்ச குளுர் அன்னைக்கே நின்னு போச்சு. டிவி, எங்க இருந்தா என்னன்னு ஒரு மூலைக்கு போயிருச்சு. தெக்கு ஜன்னலுக்கு கீழ தையல் மெஷின். அதுக்கு எடப்பக்கம் அத்தையோட நாற்காலி, முட்டி ரெண்டும் வெயில்ல படுற மாதிரி.

மறுநாள் பத்தே கால் மணிக்கு பனி வெலகுச்சு. வெயில் ஜன்னல் வழியா வந்து மெஷின் மேல விழுந்து தரையில நாலடி தூரம் நீண்டு கெடந்துச்சு. அத்தை கால நீட்டி வெச்சுக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருந்தாங்க. நான் போய் காபி போட்டுட்டு வந்தேன், ரெண்டு பேரும் அந்த ஜன்னல்ல உக்காந்து குடிச்சோம். டம்ளர் விஷயத்துக்கு மன்னிப்பு கேட்டேன். "அத அன்னைக்கே மறந்துட்டேன் சாமி" ன்னாங்க.

இனி போர்வை கதை. கட்டில நகத்துனப்ப அடியில இருந்து ஒரு பெரிய மூட்டை வந்துச்சு, பழைய பெட்ஷீட்ல முடிச்சு போட்டது. என்ன இருக்குன்னு எனக்கு தெரியும், தெரிஞ்சு தான் உள்ள தள்ளி வெச்சிருந்தேன். பாதியில நின்னு போன மூணு போர்வை. அத பிரிச்சாலே, இத முடிக்கலையே அத முடிக்கலையேன்னு ஒரு பாரம் வரும், அதனால பிரிக்கவே மாட்டேன். இப்ப மெஷின் வெளிச்சத்துல நிக்குது, மூட்டையும் நடு வீட்ல கெடக்குது.

முதல் போர்வை பாப்பாவுக்கு. அவ ஹாஸ்டல் போற வருஷம் ஆரம்பிச்சது. சின்னதுல அவ போட்ட காட்டன் கவுன், பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம் செக்குடு சட்டை, எல்லாத்தையும் நாலு இஞ்ச் சதுரமா வெட்டி ஒம்போது ஒம்போதா சேக்கிற டிசைன், நைன் பேட்ச்னு சொல்லுவாங்க. கலர் அடர்த்தியா இருக்கிறது அஞ்சு, வெளிறுனது நாலு. சுத்தி கால் இஞ்ச் தையலுக்கு போனா ஒவ்வொரு சதுரமும் மூன்றரை இஞ்ச் நிக்கும், ஒம்போதும் சேந்தா பத்தரை இஞ்ச் கட்டம் ஒண்ணு. அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு, ஆக 48 கட்டம், 63 இஞ்சுக்கு 84 இஞ்ச் போர்வை, ஒத்த கட்டிலுக்கு தாராளம். எண்ணி பாத்தேன், 31 கட்டம் தச்சு முடிச்சிருந்தேன். பாக்கி 17. அதாவது 153 சதுரம். இவ்ளோ தான் பாக்கியா, இதுக்கா ரெண்டு வருஷம் கட்டிலுக்கடியில வெச்சேன்னு அப்ப தான் தோணுச்சு, எண்ணாத வரைக்கும் அது முடிவே இல்லாத மாதிரி இருந்துச்சு.

மெஷின் ஓடல மொதல்ல. பெடல் மெஷின், தோல் பெல்ட்டு, ஈரத்துல பெல்ட்டு நீண்டு லூசாகி சக்கரம் வெறுமனே சுத்துது. கொக்கிய கழட்டி கால் இஞ்ச் வெட்டி, புதுசா ஓட்டை போட்டு மறுபடி மாட்டுனேன். ஊசிய மாத்துனேன், பழசு துரு. எண்ணெய் விட்டு, ஒரு வேஸ்ட் துணியில பத்து நிமிஷம் சும்மா ஓட்டி கருப்பு எண்ணெய் எல்லாம் வெளிய வந்ததுக்கு அப்புறம் தான் நல்ல துணிய வெச்சேன். சதுரங்கள அடர்த்தி வெளிறுன்னு பிரிச்சு குடுக்கிற வேலைய அத்தை எடுத்துக்கிட்டாங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து, "இது அவ மூணாங்கிளாஸ்ல கீழ வுழுந்து முட்டிய ஒடைச்சுக்கிட்டப்ப போட்டிருந்த கவுனு", "இது உங்க மாமா தீவாளிக்கு டவுன்ல கடைவீதியில எடுத்துக் குடுத்தது", எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்ல, அவங்களுக்கு எல்லாம் இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி அதே ரூம்ல பேச்சில்லாம கெடந்தோம்.

தைக்கிறவங்களுக்காக ஒரு ரெண்டு விஷயம் சொல்றேன். சதுரத்த தச்சதும் தையல் ஓரத்த அயன் பண்ணும்போது எப்பவும் அடர்த்தி கலர் பக்கமா சாய்ச்சு அயன் பண்ணுங்க, அப்ப தான் ஒரு வரிசையும் அடுத்த வரிசையும் சேரும்போது மூலைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காரும், வெளிறுன துணி வழியா நெழலும் தெரியாது. பழைய துணியும் புதுத்துணியும் கலந்தா புதுச மொதல்லயே தண்ணியில ஊற வெச்சு காய வெச்சிருங்க, இல்லனா முதல் வாஷ்ல அது மட்டும் சுருங்கி மொத்த போர்வையும் முறுக்கிக்கும். நடுவுல வைக்க நம்ம ஊர்ல எல்லாருக்கும் மொதல்ல இலவம் பஞ்சு தான் தோணும், மெத்தைக்கு அது சரி, ஆனா தையல் நெருக்கமா போடலைன்னா போர்வையில பஞ்சு எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிப்போய் கட்டியாகிரும், தொவைக்கவும் முடியாது. நான் பழைய ஃபிளானல் பெட்ஷீட் வெச்சேன். மூணு அடுக்கையும் விரிச்சு நாலு விரலுக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவுல இருந்து ஓரத்துக்கு தச்சுக்கிட்டு போகணும், ஓரத்துல இருந்து உள்ள வந்தா துணி நடுவுல கூடிக்கிட்டு குமியும்.

ஓரம் கட்டறதுக்கு சுத்தளவு 294 இஞ்ச். அதுக்கு கடையில துணி வாங்கி கீத்து கீத்தா வெட்டி ஒட்டு போட்டு எதுக்கு கஷ்டப்படணும், ஒரு சேலையோட ஒரு பக்க கரை மட்டுமே அஞ்சரை மீட்டர், அதாவது 216 இஞ்ச் இருக்கு, ரெண்டு பக்க கரையையும் எடுத்தா தாராளமா போதும், ஒட்டும் ஒண்ணு ரெண்டு தான் வரும். அத்தையோட பழைய சுங்குடி ஒண்ணு, ஒடம்பு பகுதி நைஞ்சு கரை மட்டும் கெட்டியா இருந்துச்சு, அத குடுத்தாங்க. மார்கழி பாதியில அந்த போர்வை முடிஞ்சது.

ரெண்டாவது தான் என்னால தொட முடியாம வெச்சிருந்தது. எங்க அம்மா ஆரம்பிச்சது.

அம்மா வீடு அம்மாப்பேட்டையில தறி வீடு. அப்பா நெய்வார், அம்மா தார் சுத்துவாங்க, அதாவது ஊடை நூல சின்னக் குழல்ல சுத்திக் குடுப்பாங்க, வீட்டுக்குள்ள எப்பவும் தறி சத்தம், நின்னுச்சுன்னா தான் நாங்க திரும்பிப் பாப்போம். அம்மா போர்வைன்னு சொல்ல மாட்டாங்க, துப்பட்டின்னு தான் சொல்லுவாங்க. பழைய நூல் சேலை ரெண்ட எடுத்து, ஒவ்வொண்ணையும் நடுவுல வெட்டி பக்கம் பக்கமா சேத்தா 90 இஞ்ச் அகலம், 108 இஞ்ச் நீளம் வரும், அப்படி மேலுக்கு ஒண்ணு அடிக்கு ஒண்ணு. நடுவுல அப்பாவோட தேஞ்சு போன வேட்டி ரெண்டு அடுக்கு. மொதல்ல பெரிய பெரிய தையலா போட்டு நாலையும் ஒண்ணா நிக்க வெச்சு, அப்புறம் கையாலயே நீளவாக்குல சின்னத் தையல், ஒரு இஞ்சுக்கு ஒரு வரிசை. கோடு நேரா போக ஒரு நூலுக்கு சாக்பீஸ் தேச்சு, அந்தக் கடைசிய நான் புடிக்க இந்தக் கடைசிய அவங்க புடிச்சு, நடுவுல ஒரு சுண்டு சுண்டுவாங்க, துணி மேல வெள்ளைக் கோடு விழும். வங்காளத்துல காந்தான்னு, மகாராஷ்ட்ராவுல கோதடின்னு, வட கர்நாடகாவுல கவுதின்னு இதே மாதிரி பழைய சேலைய அடுக்கி தைக்கிறத இன்னைக்கு பெரிய பெரிய கடையில வெச்சு விக்கிறாங்க, அத பாக்கும்போதெல்லாம் எனக்கு எங்க வீட்டு திண்ணை தான் ஞாபகம் வரும், அம்மா அத யாருக்கும் விக்கணும்னு தைக்கல.

நாங்க மலைக்கு குடி வர்றோம்னு தெரிஞ்சதும் "அங்க குளுரும்டி, உனக்கொண்ணு தச்சு தரேன்" ன்னு ஆரம்பிச்சாங்க. மேல் சேலை பச்சையில அரக்குக் கட்டம், அப்பா தறியில இருந்து எறங்குனது. 90 வரிசையில 52 போட்டிருந்தாங்க. அதுக்குள்ள கண்ணுல புரை விழுந்துச்சு, ஆபரேசன் முடிஞ்சு வந்து மிச்சத்த முடிச்சு தரேன்னாங்க. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா அந்த வருஷக் கடைசியிலயே அம்மா போயிட்டாங்க. ஏழு வருஷம் ஆச்சு.

என் தையல் அம்மா தையல் மாதிரி இருக்காது. அவங்களுது ஒரு இஞ்சுக்கு ஏழு விழும், அரிசி அரிசியா. எனக்கு அஞ்சு தான் வரும். அவங்க துணியில என் தையல போட்டு கெடுத்துருவேனோன்னு பயந்து தான் இத்தன வருஷம் மூட்டைக்குள்ள இருந்துச்சு. அப்படியே ஞாபகத்துக்கு வெச்சிரலாம்னு கூட நெனச்சேன். ஆனா பீரோவுல பூசணம் புடிச்ச சேலைய பாத்ததுக்கு அப்புறம் அந்த எண்ணம் போயிருச்சு. இந்த மலையில துணிய எடுத்து பொழங்கலைன்னா அது அப்படியே இருக்காது, ஈரம் தின்னுரும்.

ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சு 52-வது வரிசைய தேடிக் கண்டுபுடிச்சேன். கடைசியில முடிச்சு போடாம ஒரு சாண் நூலு தொங்க விட்டிருந்தாங்க, மறுநாள் தொடர்றதுக்கு. அத பாத்ததும் எனக்கு பாவு புணையறது ஞாபகம் வந்துச்சு. தறியில ஒரு பாவு, அதாவது நீளவாக்குல ஓடுற இழைங்க, நெய்ஞ்சு முடிஞ்சா கடைசித் துண்ட அறுத்து எறிஞ்சிர மாட்டாங்க, இழை நுழைஞ்சு போற அச்சுலயும் விழுதுலயும் கோத்த பழைய இழைய அப்படியே விட்டு, புதுப்பாவோட ஒவ்வொரு இழையையும் அந்த பழைய நுனியோட சேத்து விரலால முறுக்குவாங்க, ஆயிரக்கணக்கான இழை, ஒண்ணொண்ணா, ஒரு நாளு உக்காந்து. அப்ப தான் மறுபடி மொதல்ல இருந்து கோக்க வேண்டியதில்ல. பழசு இழுத்துக்கிட்டு போற வழியில புதுசு போகும். சின்ன வயசுல நான் பக்கத்துல உக்காந்து அந்த விரலையே பாத்துக்கிட்டு இருப்பேன். அம்மா விட்ட நூலோட நுனியில என் நூல வெச்சு அதே மாதிரி முறுக்கி, கொஞ்சம் பசை தொட்டு, இழுத்து பாத்தேன். நின்னுச்சு. அப்படியே 53-வது வரிசைய ஆரம்பிச்சேன். கண்ணு கலங்கி ஊசி தெரியல கொஞ்ச நேரம், அத்தை ஒண்ணும் கேக்கல, சாக்பீஸ் தேச்ச நூலோட அந்தக் கடைசிய எடுத்து அவங்க புடிச்சுக்கிட்டாங்க.

பாக்கி 38 வரிசை. ஒரு நாளைக்கு ரெண்டு வரிசைக்கு மேல விரல் வலி தாங்காது, நாலு அடுக்கு நூல் துணி, பழசா இருந்தாலும் கெட்டி. காலையில பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும், பனி இருந்தாலும் இல்லாட்டியும் அந்த ஜன்னல்ல. பத்தொம்போது நாள் கணக்கு, நடுவுல மூணு நாள் கரண்டு இல்ல, அன்னைக்கும் தச்சேன், கைத்தையலுக்கு ஜன்னல் வெளிச்சமே போதும்ல. மத்தியானம் படுக்கிறது தானா நின்னு போச்சு. எப்ப நின்னுச்சுன்னே தெரியல. பனிமூட்டம் கொறைஞ்சதாலயா, வேலை இருந்ததாலயா, வெளிச்சத்துல உக்காந்ததாலயா, பிரிச்சு சொல்ல என்னால முடியாது, ஆனா மார்கழியிலயும் பனி இருந்துச்சு, சில நாளு கார்த்திகைய விட அதிகமாவே இருந்துச்சு, அந்த எதுக்கு எந்திரிக்கணும்ங்கிற நெனப்பு மட்டும் வரல. ஒரு விஷயம் மட்டும் சொல்லணும், இது எனக்கு கொறைஞ்சது, ஆனா மாசக்கணக்குல அந்த சோர்வு விடாம இருந்தா வீட்ட மாத்தி வெச்சா சரியாகிரும்னு உக்காந்திருக்காம டாக்டர போய் பாருங்க, அதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணும் இல்ல.

தை மூணாம் நாள் கடைசி வரிசை முடிஞ்சது. மடிச்சு பாத்தா அம்மா பக்கமும் என் பக்கமும் நல்லா தெரியுது, அவங்களுது நெருக்கமா சுருக்கம் சுருக்கமா, என்னுது கொஞ்சம் தளர்வா. அத்தை தடவி பாத்துட்டு "கை வெச்சாலே தெரியுது, இங்க உங்க அம்மா, இங்க நீ" ன்னாங்க. ராத்திரி நானும் எங்க வீட்டுக்காரரும் போத்திக்கிட்டோம், கம்பளி மாதிரி குத்தல, கனமும் இல்ல. காபி பாதிக்கு மேல காஞ்சு மூட்டை கட்டியாச்சாம், ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் அன்னைக்கு சீக்கிரம் தூங்குனார்.

மூணாவதுக்கு பெருசா கதை இல்ல. பழைய ஜீன்ஸ் துணி, அத வெச்சு போர்வை தைக்கணும்னு ஆரம்பிச்சது, தூக்கவே முடியல, ஊசி மூணு ஒடைஞ்சது. அத போர்வையா முடிக்க வேண்டாம்னு விட்டுட்டேன். அதுல நீளமா மூணடிக்கு உருட்டு மாதிரி பை தச்சு, உள்ள வெட்டுன துணித்துண்டு எல்லாத்தையும் திணிச்சு, பின்கதவுக்கு அடியில போட்டிருக்கேன், கதவுக்கு கீழ வந்துக்கிட்டிருந்த ஊசிக்காத்து அடங்கிருச்சு. மிச்சத்துல ரெண்டு மிதியடி.

பாப்பா பொங்கலுக்கு வந்தப்ப அவ போர்வைய ஹாஸ்டலுக்கு எடுத்துட்டு போனா. போன வாரம் போன்ல, ரூம்ல இருக்கிற புள்ளைங்க எல்லாம் ஒவ்வொரு சதுரமா இது என்ன இது என்னன்னு கேக்கிறாங்களாம், அவளுக்கு பாதி தெரியல, பாட்டி கிட்ட குடுன்னா. அத்தை முக்கா மணி நேரம் பேசுனாங்க.

இப்ப வெயில் மெல்ல மேல ஏறிக்கிட்டு வருது. மார்கழியில தரையில நாலடி கெடந்தது இன்னைக்கு டேப்பு வெச்சு அளந்தேன், மூணேகால் அடி தான். சித்திரையில உச்சந்தலைக்கு மேல வந்துரும், அப்புறம் தெக்கு ஜன்னல்ல ஒரு துண்டு வெயில் கூட விழாது, வடக்கால போயிரும். அத்தை இப்பவே சொல்லிட்டாங்க, பங்குனிக்குள்ள மெஷினையும் அவங்க நாற்காலியையும் கெழக்கு ஜன்னலுக்கு மாத்தணுமாம். அவங்களோட சேலை நாலு மடிச்சு நாற்காலிக்கு பக்கத்துல வெச்சிருக்காங்க, அதுக்கு என்ன டிசைன்னு இன்னும் முடிவாகல. கோணிச்சாக்க தொவைச்சு காய வெச்சு எடுத்து வெச்சிருக்கேன்.